பார்சல் கூலி

என்னிடம் ஒரு பன்னிரண்டு தந்தி எலெக்ட்ரிக் கிடார் இருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்ததும், "எப்படித் தேடிப் பிடிச்சீங்க?" என்பார்கள். நான் நட்டின் அகலத்தில் ஆரம்பிப்பேன். ப்ரிட்ஜில் ஏன் பன்னிரண்டு சேடில் வேண்டும், கழுத்து ஏன் தரையைப் பார்க்கக் கூடாது, மூன்றாம் ஜோடியின் மெல்லிய தந்தி ஏன் அடிக்கடி அறுந்துபோகிறது என்று கால் மணி நேரம் பேசுவேன். கேட்டவர்கள் எனக்கு நிறையத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு போவார்கள். அதில் ஒரு வரிகூட என்னுடையது இல்லை. சிவாஜிநகரில் ஒரு மாடிக் கடையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் ஒருவர் சொல்லிக்கொடுத்தது அத்தனையும். அவரிடம் கற்றுக்கொண்டேன். அவரிடம் வாங்கவில்லை. வாங்காததை மறைக்க அவரிடம் இரண்டு பொய் சொன்னேன். இரண்டையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

கிடார் எனக்குத் திருச்சியில் கல்லூரி ஹாஸ்டலில் ஒட்டிக்கொண்டது. வேலைக்கென்று பெங்களூர் வந்து பதினாறு வருடம். வைட்ஃபீல்டில் வீடு, ஆபீஸ், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் நான்கு கிலோமீட்டருக்குள். ஆறு தந்தி கிடார் ஒன்று எப்போதும் கட்டிலுக்குப் பக்கத்தில் சாய்ந்திருக்கும். நாற்பது வயதைத் தாண்டியதும் பன்னிரண்டு தந்தி மேல் ஆசை வந்தது. வந்த ஆசை போகவில்லை.

பன்னிரண்டு தந்தி என்றால் பன்னிரண்டு சுரம் இல்லை, ஆறு ஜோடி. மெல்லிய இரண்டு ஜோடிகளில் இரு தந்திகளும் ஒரே சுருதி. மற்ற நான்கு ஜோடிகளில் தடித்த தந்திக்குப் பக்கத்திலேயே ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கும் மெல்லிய தந்தி. எத்தனை கவனமாகச் சேர்த்தாலும் ஜோடித் தந்திகள் நூற்றுக்கு நூறு ஒட்டாது. ஒன்று வினாடிக்கு 440 முறை அதிர்ந்தால் மற்றது 441 முறை அதிரும். அந்த ஒன்றின் வித்தியாசம் வினாடிக்கு ஒரு தடவை அலையாக எழும்பி அடங்கும். கச்சேரி தொடங்குமுன் தம்புராவைச் சேர்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இந்த அலை தெரியும். மரப்பெட்டிக் கிடாரில் அது வீட்டுக்குள் ஒலிக்கும் மணி. மின்சாரம் சேர்ந்துவிட்டால் கோயில் மணி.

இந்த ஒலி உலகத்தின் காதில் விழுந்த கதையே அழகானது. ரிக்கன்பேக்கர் கம்பெனி 1963-ல் இப்படியொரு மின்கிடாரைச் செய்து பார்த்தது. அவர்கள் செய்த இரண்டாவது கருவி 1964 பிப்ரவரியில் நியூயார்க்கில் ஜார்ஜ் ஹாரிசன் கைக்குப் போனது. பீட்டில்ஸ் முதன்முதலாக அமெரிக்கா போயிருந்த வாரம் அது. ஹாரிசன் உடம்பு சரியில்லாமல் ஓட்டல் அறையில் படுத்திருந்தார். அதே வருடம் 'எ ஹார்ட் டேஸ் நைட்' படம் வந்தது. படத்தைப் பார்த்த ரோஜர் மெக்வின் என்ற இளைஞர் ஹாரிசனின் கையில் இருந்தது என்ன என்று கண்டுபிடித்து அதையே வாங்கினார். 1965-ல் அவருடைய தி பேர்ட்ஸ் குழு வெளியிட்ட 'மிஸ்டர் டாம்பரின் மேன்' அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் முதலிடத்துக்குப் போனது. அடுத்த வருடம் அதே கிடாரில் அவர் 'எய்ட் மைல்ஸ் ஹை' வாசித்தபோது காதில் ஓடிக்கொண்டிருந்தவை ஜான் கோல்ட்ரேனின் சாக்ஸபோனும் நம் ரவிசங்கரின் சிதாரும். இதையெல்லாம் நான் மனப்பாடமாக வைத்திருந்தேன். எந்தக் கிடாரை வாங்குவது என்று மட்டும் தெரியவில்லை.

ஒரு வருடம் போனில் காணொளி பார்த்தேன். எல்லாமே நன்றாக ஒலித்தது. யார் யாரோ வாசிப்பதைக் கேட்டு என் கைக்கு எது பொருந்தும் என்று எப்படித் தெரியும்? 2024 ஜூலையில் ஒரு சனிக்கிழமை மெட்ரோவில் எம்.ஜி. ரோட்டில் இறங்கி, கமர்சியல் ஸ்ட்ரீட்டைக் கடந்து, சிவாஜிநகரில் பழைய நண்பன் ஒருவன் சொன்ன மாடிக் கடையைத் தேடிப் போனேன். குறுகலான படி. மேலே பத்துக்குப் பன்னிரண்டில் ஓர் அறை. சுவரில் இருபது கிடார். ஜன்னலோரம் ஒரு மேசை, அதன் மேல் பழைய கம்பளித் துண்டு, வளையும் கழுத்துள்ள விளக்கு. மேசைக்குப் பின்னால் அவர். வெளியே கன்னடமும் உருதுவும் கலந்து இரைந்துகொண்டிருக்க, நான் தயங்கி நின்றதைப் பார்த்ததுமே தமிழில் கூப்பிட்டார்: "வா தம்பி. என்ன வேணும்?"

எல்லோரும் அவரை மாஸ்டர் என்றார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். கோலார் தங்கவயல்காரர். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், மூன்று கிலோமீட்டருக்கும் ஆழமாகப் போகும் அந்தக் குழியில் வேலை பார்த்தவர். சுரங்கக் காலனியில் குடியிருந்த ஆங்கிலோ-இந்தியர் ஒருவரிடம் மாஸ்டர் கிடார் கற்றுக்கொண்டார். எழுபதுகளில் பெங்களூர் வந்து பிரிகேட் ரோட்டு ஓட்டல்களில் பேண்டில் வாசித்தார். ஓட்டல்களில் பேண்டு நின்றதும் ரிப்பேர் வேலைக்கு வந்தார். 2001-ல் சுரங்கத்தை மூடியபோதும் தங்கவயல் வீட்டை விட்டு அவர் நகரவில்லை. காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறிக் கன்டோன்மென்ட்டில் இறங்குவார். சாயங்காலம் அதே வழியில் திரும்புவார். ஒரு வழிக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர். தங்கவயலில் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அதுதான் வாழ்க்கை.

என் பெயரை அவர் கேட்கவில்லை. என் போன் நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு தன் போனில் ஏற்றினார். எட்டிப் பார்த்தேன். 'ட்வெல்வ் ஸ்ட்ரிங் தம்பி' என்று இருந்தது.

முதல் சனிக்கிழமை அவர் எந்தக் கிடாரையும் காட்டவில்லை. என் இடது கையை நீட்டச் சொன்னார். விரல் நுனிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துவிட்டு, "உனக்கு விரல் தடி" என்றார். ரிக்கன்பேக்கர் என்று நான் இழுத்தேன். அவர் டிராயரிலிருந்து அளவுகோல் எடுத்தார். அந்தக் கிடாருக்கு நட், அதாவது தலைப்பக்கம் தந்திகள் உட்காரும் கட்டை, இருக்கும் இடத்தில் கழுத்தின் அகலம் 41 மில்லிமீட்டர் அளவுதான். மரப்பெட்டிப் பன்னிரண்டு தந்திக்கு 48 வரை வரும். 41-க்குள் ஆறு ஜோடி என்றால் என் விரல் ஒரு ஜோடியை அழுத்தும்போது பக்கத்து ஜோடியின் வாயையும் அடைத்துவிடும். "ஜார்ஜ் ஹாரிசன் விரலை நீ பாத்திருக்கியா? குச்சி மாதிரி இருக்கும். அவருக்கு ஆச்சு. உனக்கு ஆகாது." ஒரு வருடமாக நான் பார்த்திருந்த எந்தக் காணொளியிலும் என் விரலைப் பற்றி யாரும் பேசியிருக்கவில்லை.

ஆறும் பன்னிரண்டும் ஒரே உடம்பில் இருக்கும் இரட்டைக் கழுத்துக் கிடார்மேல் எனக்கு ஒரு கண் இருந்தது. ஜிம்மி பேஜ் மேடையில் மாட்டிக்கொண்டு நிற்பது. மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவில் ஜான் மெக்லாக்லின் வாசித்தது. அதையும் கேட்டேன். "அஞ்சு கிலோவுக்கு மேல தோள்ல தொங்கும். மெக்லாக்லினே அதைக் கீழ வச்சிட்டு, நம்ம விக்கு விநாயக்ராம்கூட உக்காந்து வாசிக்க வேற கிடார் செஞ்சுக்கிட்டாரு" என்றார். பேச்சு பூபிந்தர் சிங்கிடம் போனது. கஜல் பாடகர் என்றுதான் பலருக்கு அவரைத் தெரியும். 1971-ல் ஆர்.டி. பர்மனின் 'தம் மாரோ தம்' பாட்டில் கிடார் வாசித்தவர் அவர். மாஸ்டருக்கு அவர் குலதெய்வம். 2022-ல் அவர் இறந்த செய்தி வந்த அன்று கடையைத் திறக்கவில்லையாம்.

இரண்டாவது சனிக்கிழமை சொன்னார்: "மும்பை டீலர்கிட்ட ரெண்டு பீஸ் அனுப்பச் சொல்லியிருக்கேன். கையில வச்சுப் பாக்காம இதை வாங்கக் கூடாது." பன்னிரண்டு தந்தி மின்கிடார் வருடத்தில் ஒன்று போனால் அதிகம், யாரும் கடையில் வாங்கி வைப்பதில்லை என்று எனக்கும் தெரியும். மூன்றாவது சனிக்கிழமை நான் போனபோது நீளமான இரண்டு அட்டைப்பெட்டிகள் மூலையில் நின்றன. மேலே பார்சல் சீட்டு ஒட்டியிருந்தது. கண்ணில் பட்டது. அந்தக் கூலியை யார் கட்டினார்கள் என்று ஒரு நொடிகூட நான் யோசிக்கவில்லை.

அன்று நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எனக்கு அது பாடம். அவருக்கு அது அரை நாள்.

முதலில் கரண்ட் இல்லாமல் வாசிக்கச் சொன்னார். "மரம் பேசுதா பாரு. ஊமையா இருந்தா ஆம்ப்ளிஃபையர் வந்து பேச வைக்காது." பிறகு பட்டையை என் தோளில் மாட்டி, நிமிர்ந்து நிற்கச் சொல்லி, இரண்டு கையையும் விடச் சொன்னார். முதல் கிடாரின் தலை மெதுவாகத் தரையை நோக்கிச் சாய்ந்தது. பன்னிரண்டு முறுக்காணிகளின் பாரம் தலையில் இருக்கிறது, உடம்பு லேசாக இருந்தால் இப்படித்தான் ஆகும், பாட்டு முழுக்க இடது கை கழுத்தைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும் என்றார். இரண்டாவது கிடாரை மாட்டினார். கையை விட்டேன். அது அசையாமல் நின்றது.

பிறகு பன்னிரண்டாம் ஃப்ரெட். ஒவ்வொரு தந்தியையும் அந்த இடத்தில் தொட்டும் தொடாமலும் மீட்டி ஒரு ஒலி. அழுத்தி மீட்டி இன்னொரு ஒலி. இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். தடித்த தந்திக்கு வேண்டிய நீளமும் அதன் மெல்லிய ஜோடிக்கு வேண்டிய நீளமும் வேறு வேறு. தந்தியின் மறுமுனையைத் தாங்கும் சேடில் ஆறே உள்ள ப்ரிட்ஜில் ஜோடிக்கு ஒன்றுதான் கிடைக்கும், ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும். பன்னிரண்டு சேடில் இருந்தால் தனித்தனியாக நகர்த்தலாம். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் சேர்த்து அழுத்தி, நடுவில் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே ஒரு காகிதம் போகும் அளவு இடைவெளி இருக்கிறதா என்று கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தார். பன்னிரண்டு தந்தி கழுத்தை இழுக்கிற இழுப்பில் அது வில்லாக வளைந்திருந்தால் பின்னால் தொல்லை.

கழுத்தின் முகப்பில் ஒட்டியிருந்த கறுப்புப் பலகையை விரலால் தடவினார். "என்ன மரம் சொல்லு?" தெரியவில்லை என்றேன். "ஈட்டி. நம்ம காட்டு மரம். பிரேசில் மரம் கிடைக்காமப் போனதும் மார்ட்டின் கம்பெனியே 1969-ல இதுக்கு மாறிட்டான். குடகுலயும் வயநாட்டுலயும் நின்ன மரம் கப்பல் ஏறிப் போய், கிடாராத் திரும்பி வருது." அதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. தன் ஊர்ப் பையன் வெளிநாட்டில் நல்ல பேர் வாங்கியதைச் சொல்வதுபோல.

நேரம் போனதே தெரியவில்லை. கீழேயிருந்து டீக்காரப் பையன் இரண்டு தடவை ஒரு டீயை இரண்டாகப் பிரித்து 'பை-டூ' கொண்டுவந்தான். இரண்டு தடவையும் காசு அவர்தான் கொடுத்தார். நான் ஆம்ப்ளிஃபையரில் இணைத்து வாசித்துக்கொண்டே இருந்தேன். கம்ப்ரஷர் பெடலைப் போட்டால் ஒலி எப்படி நீள்கிறது, அதில்தான் பேர்ட்ஸ் பாட்டின் அந்த மினுமினுப்பு இருக்கிறது என்று அவர் பக்கத்தில் நின்று காட்டினார். ஒரு கட்டத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. படியிறங்கும்போது நானாகத்தான் கேட்டேன், "மாஸ்டர், உங்க வண்டி?" "போயிடுச்சு. பஸ்ஸுல போய்க்கலாம்" என்றார். எழுபதை நெருங்கிய மனிதர் அன்று எத்தனை மணிக்கு வீடு போய்ச் சேர்ந்தார் என்று அடுத்த வாரம்கூட நான் கேட்கவில்லை.

நான்காவது சனிக்கிழமை முடிவாயிற்று. அந்த இரண்டாவது கிடார்தான். விலை 68,500 ரூபாய் என்றார். டீலரிடம் பேசி ஒரு பை சேர்த்துத் தருவதாகவும், நட்டையும் சேடிலையும் என் கைக்குத் தகுந்தாற்போல் தானே சரிசெய்து தருவதாகவும் சொன்னார். "அவசரம் இல்ல. வீட்டுல கேட்டுக்கிட்டு வா. பீஸை நான் பிடிச்சு வச்சிருக்கேன்." வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். அப்போது அது பொய் இல்லை.

இங்கே வருகிறது நான் செய்தது. ஆயுத பூஜைத் தள்ளுபடி என்று போனில் விளம்பரம் வந்தது. அதே கம்பெனி, அதே மாடல், அதே நிறம். பேங்க் கார்டுச் சலுகையும் சேர்த்து 57,500. இரவு பதினொன்றரை மணி. பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள். 11,000 ரூபாய் குறைவு என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. அழுத்திவிட்டேன்.

எனக்கு 11,000 ரூபாய் பெரிய பணம் இல்லை. அதைச் சொல்லாவிட்டால் இந்த ஒப்புதலில் அர்த்தமில்லை. முடைப்பட்டவன் நாலு காசு மிச்சம் பிடிக்கப் பார்த்தான் என்றால் யாரும் மன்னிப்பார்கள். நான் முடைப்பட்டவன் இல்லை. அந்த மாதமே மூன்று பேர் ஒரு வேளை வெளியே சாப்பிட்டதற்கு அதில் பாதியைக் கொடுத்திருந்தேன். குறைந்த விலைக்குப் பிடித்துவிட்டோம் என்ற ஒரு குறுகுறுப்பு, அவ்வளவுதான். மாஸ்டர் முகம் மனதில் வந்தது. வந்ததும் அதற்கொரு பதிலும் தயாராக வந்தது: அவர் கடை போட்டிருக்கிறார், வருகிறவனுக்குச் சொல்லத்தான் செய்வார், சொன்னதற்கெல்லாம் காசா?

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொல்ல வேண்டும். வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு எந்த மென்பொருளை வாங்கலாம், எது அவர்களுக்குப் பொருந்தும் என்று ஆலோசனை சொல்வது என் தொழில். என் ஒரு மணி நேரத்துக்கு என் ஆபீஸ் டாலரில் பில் போடுகிறது. கால் மணி நேரம் கூடுதலாகப் பேசினால் அதையும் நான் ஷீட்டில் ஏற்றுவேன். ஏற்ற மறந்தால் மேனேஜர் கேட்பார். கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு விலை உண்டு என்பதைப் பெங்களூரில் என்னைவிட நன்றாக அறிந்தவர் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். மாடிக் கடையில் கம்பளித் துண்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் மணி நேரத்துக்கு மட்டும் விலை இல்லை என்று எப்படி நினைத்தேன்? நினைத்தேன். அதுதான் உண்மை.

கிடார் வந்த மறுநாள் மாஸ்டரின் போன் வந்தது. பெட்டியைப் பிரித்துக் கட்டில்மேல் வைத்திருந்தேன். அதைப் பார்த்துக்கொண்டேதான் போனை எடுத்தேன்.

"தம்பி, டீலர் கேக்கறான். பீஸை வச்சுக்கலாமா, அனுப்பிடலாமா?"

"இல்ல மாஸ்டர். இப்பக் கொஞ்சம் செலவு. பிள்ளைங்க ஃபீஸ். அப்புறம் பாக்கலாம்."

"பரவால்ல பரவால்ல. புள்ளைங்க படிப்பு முக்கியம். இது எங்க ஓடிப்போகுது" என்றார்.

அது முதல் பொய். அதற்கு என் பிள்ளைகளை இழுத்தேன். அவர் என்னைச் சமாதானப்படுத்தினார். அடுத்த இரண்டு மாதம் நான் சிவாஜிநகர்ப் பக்கமே போகவில்லை. மனைவி துணி எடுக்கக் கமர்சியல் ஸ்ட்ரீட் போகலாம் என்றபோது, ஜெயநகர் போகலாமே என்று மாற்றினேன்.

கிடார் படுத்தியது. மூன்றாம் ஜோடியின் மெல்லிய தந்தி பன்னிரண்டிலும் உச்சமான சுருதியில் நிற்பது. ஒரு முடிபோல இருக்கும். அது ஒரே வாரத்தில் மூன்று தடவை அறுந்தது. முறுக்கினால் ஏறாது. திடீரென்று 'டிக்' என்று தாவி மேலே போய்விடும். நட்டில் தந்தி உட்காரும் காடி குறுகலாக வெட்டப்பட்டுத் தந்தியைக் கவ்விப் பிடித்திருந்தது. மாஸ்டர் சரிசெய்து தருகிறேன் என்று சொன்னது இதைத்தான். காணொளியைப் பார்த்து நானே ராவப் பார்த்தேன். பயமாக இருந்தது. கொஞ்சம் அதிகம் ராவினால் நட்டையே மாற்ற வேண்டும்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை கிடாரை எடுத்துக்கொண்டு அந்தப் படியேறினேன். படியிலேயே கதை தயாராகிவிட்டது.

"வா தம்பி" என்றார். பையைப் பார்த்தார். அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே நான் சொன்னேன்: "அண்ணன் அமெரிக்காவுலேர்ந்து வந்தான் மாஸ்டர். சொல்லாம வாங்கிட்டு வந்துட்டான்." எனக்கு அண்ணனே இல்லை.

"அப்படியா? நல்லதாப் போச்சு" என்று சொல்லிக் கிடாரை வாங்கிக்கொண்டார். "எந்த ஊரு அண்ணன்?" "நியூ ஜெர்சி." "ம்."

விளக்கின் கழுத்தை வளைத்து இழுத்தார். தந்திகளைத் தளர்த்தி ஒவ்வொரு ஜோடியாக ஓரத்தில் ஒதுக்கினார். ஊசி அளவிலிருந்து தடி வரை வரிசையாக அடுக்கியிருந்த அரங்களிலிருந்து மிக மெல்லியதை எடுத்தார். அதன் மரப்பிடியில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்து ஒட்டியிருந்தன. பூஜை முடிந்து இரண்டு மாதம் ஆகியும் அதை அவர் துடைத்திருக்கவில்லை. நான்கு முறை ராவுவார், ஊதுவார், தந்தியை உட்கார வைத்து இழுத்துப் பார்ப்பார். மறுபடி இரண்டு முறை. காதுக்குப் பின்னால் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் காடிக்குள் கரியைத் தேய்த்தார். தந்தி வழுக்கிக்கொண்டு போக அதைவிட நல்ல மருந்து இல்லை என்றார். பிறகு கழுத்தின் மூட்டைப் பார்க்க வேண்டும் என்று கிடாரைக் கம்பளித் துண்டின்மேல் குப்புறப் போட்டார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, குனிந்து, ஸ்க்ரூக்களை ஒவ்வொன்றாக இறுக்கினார். இருபது நிமிடம் அது அப்படியே விளக்கு வெளிச்சத்தில் கிடந்தது. அவர் பேசவில்லை.

எல்லாம் முடிந்ததும் எடுத்து ஒரு தடவை மேலிருந்து கீழாக மீட்டினார். நான்கு மாதம் முன்பு அதே அறையில் கேட்ட ஒலி. 800 ரூபாய் என்றார், புதுத் தந்தி செட்டையும் சேர்த்து. ஆயிரமாக நீட்டினேன். இருநூறைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பையிலிருந்து எடுக்கும்போதுதான் பின்பக்கம் பார்த்தேன். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில், அவர் இறுக்கிய ஸ்க்ரூக்களுக்கு இரண்டு விரற்கடை கீழே, வெள்ளையாக ஒரு சீட்டு. இந்தியாவில் விற்கிற எல்லாப் பொருளிலும் இருக்குமே, அந்தச் சீட்டு. அதிகபட்ச விலை ரூபாயில், அனைத்து வரிகளும் உட்பட. இறக்குமதி செய்தவர் பெயர், மும்பை முகவரி. மாஸ்டருக்கு இரண்டு பீஸ் அனுப்பி, ஒன்றும் விற்காமல் இரண்டையும் திருப்பி வாங்கிக்கொண்ட அதே டீலர்.

அதன் பிறகு ஐந்து மாதம் அந்தக் கிடாரை நான் நிறைய வாசித்தேன். இப்படியொரு குற்றத்துக்குப் பிறகு வாசிக்க மனமே வரவில்லை என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். வாசித்தேன், சந்தோஷமாகவே வாசித்தேன். தந்தி ஒன்றுகூட அறுபடவில்லை. வந்தவர்களிடம் நட்டைப் பற்றியும் ஈட்டி மரத்தைப் பற்றியும் பேசினேன். ஒரு நாள் பக்கத்து ஃப்ளாட்டுப் பையன், கிடார் பழகுகிறவன், "அங்கிள், இதெல்லாம் எங்க கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டான். "நானாத்தான்" என்றேன். சொன்ன வாயோடு உள்ளே போய் முகம் கழுவினேன். யாரும் வற்புறுத்தவில்லை, ஒரு சின்னப் பையனிடம் அந்தப் பெரியவரை இல்லாமலேயே ஆக்கிவிட்டேன். மாஸ்டரிடம் சொன்ன இரண்டும் பிடிபடாமல் இருக்கச் சொன்னவை. இதற்கு அந்தச் சாக்குகூடக் கிடையாது.

அந்தச் சனிக்கிழமை போனேன். கிடாரை எடுத்துக்கொண்டு போகவில்லை. 11,000 ரூபாயை ஒரு கவரில் வைத்திருந்தேன். மாஸ்டர் யாருடைய வயலினுக்கோ வில் முடி கட்டிக்கொண்டிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து சொன்னேன். எங்கே வாங்கினேன், என்றைக்கு வாங்கினேன், போனில் பேசியபோது கிடார் எங்கே இருந்தது, அண்ணன் யாருமில்லை என்பது, எல்லாம். சொல்ல ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். அவர் கை நிற்கவில்லை. முடியைச் சீவிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்" என்றார்.

கவரை மேசைமேல் வைத்தேன். என்ன என்று பார்த்தார். விலை வித்தியாசம் என்றேன். புறங்கையால் என் பக்கம் தள்ளினார்.

"இது எதுக்கு? நான் விக்காத சாமானுக்கு நான் எப்படிக் காசு வாங்கறது?"

கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. கீழே ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. வில்லை ஆணியில் மாட்டிவிட்டு, டிராயரைத் திறந்து, ஒரு பழைய கணக்கு நோட்டை எடுத்து, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

"மும்பையிலேர்ந்து பார்சல் வந்ததும் திரும்பிப் போனதும் 1,840 ரூபா. அது கைக்காசு. அதை வேணா குடுங்க."

எண்ணிக் கொடுத்தேன். அவரும் ஒரு தடவை எண்ணினார். ரசீதுப் புத்தகத்தை எடுத்துக் கார்பன் தாளைச் சரிசெய்தார். தேதி எழுதினார். 'பார்சல் கூலி' என்று எழுதினார். தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதினார். மேலே பெயருக்கென்று விட்டிருந்த கோட்டில் பேனாவை வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"சார், உங்க பேர் என்ன?"